குவார்கஸ் லேம்டா எக்ஸ்டென்ஷன் விமர்சனம்: ஜிப் தானாக வருகிறது, அதன் பிறகு?

அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், சர்வரை நாம் பராமரிக்காமல் ஃபங்ஷனை மட்டும் ஏற்றி ஓட்டும் சேவைதான் லேம்டா. ஜாவாவில் ஒரு லேம்டா ஃபங்ஷனுக்கு வேண்டிய கோடு 20 வரிதான். அதை ஜிப்பாகக் கட்டி ஏடபிள்யூஎஸ்ஸில் ஏற்றுவதற்குள் பாதி நாள் போய்விடும். பில்ட் கருவியான மேவனில், எல்லா லைப்ரரியையும் ஒரே ஜாராக்கும் ஷேட் பிளக்இன் சேர்க்க வேண்டும், அது எந்த ஃபைலை விழுங்கியது என்று தேட வேண்டும், லேம்டா அழைக்க வேண்டிய கிளாஸான ஹேண்ட்லரின் பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுக்க வேண்டும், ரோல், ரன்டைம், மெமரி என்று ஒரு முழ நீள கமாண்டை அடிக்க வேண்டும். குவார்கஸின் அமேசான் லேம்டா எக்ஸ்டென்ஷன் இந்த வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. ரெட் ஹேட் 2019இல் வெளியிட்ட இந்த ஃபிரேம்வொர்க்கை எல்லோரும் வேகமான ஸ்டார்ட்டுக்காகப் பாராட்டுகிறார்கள். லேம்டாவைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய லாபம் இந்தப் பொட்டலம் கட்டும் வேலை ஒழிவதுதான். ஆனால் பொட்டலத்தோடு வரும் டீஃபால்ட் அளவுகளை அப்படியே ப்ரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோகக் கூடாது. எங்கெங்கே கை வைக்க வேண்டும் என்பதைத்தான் இந்த விமர்சனம் அதிகம் பேசும்.

பில்ட் முடிந்ததும் என்ன கிடைக்கிறது

மேவன் ஆர்க்கிடைப் என்ற ப்ராஜெக்ட் மாதிரியை வைத்து புதிய ப்ராஜெக்ட் தொடங்கலாம். இருக்கும் குவார்கஸ் ப்ராஜெக்ட்டில் எக்ஸ்டென்ஷனை மட்டும் சேர்த்தும் கொள்ளலாம். வழக்கமான பேக்கேஜ் கமாண்டைக் கொடுத்தால் டார்கெட் ஃபோல்டரில் நான்கு விஷயங்கள் வந்து உட்காரும். ஃபங்ஷன் என்ற பெயரில் ஒரு ஜிப், மேனேஜ் என்ற ஷெல் ஸ்கிரிப்ட், வழக்கமான ஜேவிஎம்முக்கு ஒன்றும், ஜேவிஎம் இல்லாமல் நேரடியாக ஓடும் நேட்டிவ் பைனரிக்கு ஒன்றுமாக, சாம் என்ற ஏடபிள்யூஎஸ் டிப்ளாய் கருவிக்கான இரண்டு யாமல் ஃபைல்கள். ஏற்றுவதற்கு இவ்வளவுதான் தேவை. லேம்டாவுக்கு ஏற்ற ஜார் அமைப்பை எக்ஸ்டென்ஷனே கேட்டு வாங்கிக்கொள்ளும். பழக்கதோஷத்தில், எல்லாவற்றையும் ஒரே ஜாராக்கும் ஊபர்-ஜார் செட்டிங்கை நீங்களாகப் போட்டு அதைக் குழப்ப வேண்டாம்.

மேனேஜ் ஸ்கிரிப்டுக்கு கிரியேட், அப்டேட், இன்வோக், டெலீட் என்று நான்கு வேலைகள் தெரியும். அதை ஓட்டும் மெஷினில் ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ இருக்க வேண்டும், லாகின் விவரம் செட் ஆகியிருக்க வேண்டும். ஃபங்ஷனுக்கான அனுமதிகளைச் சுமக்கும் ரோலின் அடையாள முகவரியான ஏஆர்என்னை 'லேம்டா ரோல் ஏஆர்என்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் கொடுத்து கிரியேட் என்று ஓட்டினால் ஃபங்ஷன் மேலே போய்விடும். அந்த ரோலை லேம்டா சர்வீஸ் ஏற்கலாம் என்ற டிரஸ்ட் பாலிசியும், கிளவுட்வாட்சில் லாக் எழுதும் அடிப்படை எக்ஸிக்யூஷன் பாலிசியும் அதில் இருப்பது அவசியம். ரோலை உருவாக்கிய அடுத்த நொடியே கிரியேட் ஓட்டினால், இந்த ரோலை லேம்டாவால் ஏற்க முடியவில்லை என்று எரர் வரும். பாலிசியில் தப்பு தேடி நேரத்தைத் தொலைக்காதீர்கள். அனுமதிகளைக் கவனிக்கும் ஐஏஎம்மில் புது ரோல் பரவச் சில நொடிகள் ஆகும். சற்றுப் பொறுத்து அதே கமாண்டை மறுபடி ஓட்டினால் போய்விடும்.

இன்வோக் கட்டளை ப்ராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரில் இருக்கும் பேலோட் ஜேசானை அனுப்பி, பதிலையும் லாக் பதிவின் கடைசிப் பகுதியையும் திரையிலேயே காட்டும். கன்சோலைத் திறக்க வேண்டியதில்லை. அந்த லாகில் 'இன்ஸ்டால்டு ஃபீச்சர்ஸ்' என்று குவார்கஸ் போடும் வரியைத் தவறாமல் பாருங்கள். அமேசான்-லேம்டா, சிடிஐ (ஆப்ஜெக்ட்டுகளை இணைத்துத் தரும் பகுதி) இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தால்தான் குவார்கஸ் உண்மையில் எழுந்திருக்கிறது.

அந்த வரி இல்லாமலே ஃபங்ஷன் ஓடுமா என்றால், ஓடும். அதுதான் இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. லேம்டாவின் ஹேண்ட்லர் செட்டிங்கில் நீங்கள் எழுதிய கிளாஸின் பெயரைப் போடுவது இயல்பாகத் தோன்றும். ஏடபிள்யூஎஸ்ஸின் மற்ற எல்லாப் பாடங்களும் அப்படித்தான் சொல்லித்தருகின்றன. குவார்கஸில் அங்கே எப்போதும் 'குவார்கஸ் ஸ்ட்ரீம் ஹேண்ட்லர்' என்ற அதன் சொந்த கிளாஸ்தான் இருக்க வேண்டும். அதுதான் குவார்கஸை எழுப்பி, உங்கள் ஹேண்ட்லரைத் தேடிப் பிடித்து, அதற்கு வேண்டிய ஆப்ஜெக்ட்டுகளை உள்ளே வைக்கும் இன்ஜெக்‌ஷன் செய்து, பிறகு அழைக்கிறது. உங்கள் கிளாஸ் பெயரை நேரடியாகக் கொடுத்தால் லேம்டா அதை வெறும் கன்ஸ்ட்ரக்டரால் உருவாக்கி அழைத்துவிடும். இன்ஜெக்ட் போட்ட ஃபீல்டெல்லாம் நல் ஆகவே இருக்கும். முதல் வரியிலேயே நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் விழும். எரரில் குவார்கஸ் என்ற பேச்சே இருக்காது. கோடு சரியாக இருக்க, ஏன் என்று புரியாமல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியானால் ஒரே ப்ராஜெக்ட்டில் மூன்று ஹேண்ட்லர்கள் இருந்தால் எது ஓடும்? ஒவ்வொன்றுக்கும் நேம்டு அனோடேஷனில் ஒரு பெயர் கொடுத்து, அப்ளிகேஷன் ப்ராப்பர்ட்டீஸில் குவார்கஸ்-லேம்டா-ஹேண்ட்லர் என்ற கீயில் அந்தப் பெயரை எழுத வேண்டும். எதையும் எழுதாவிட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட ஹேண்ட்லர் இருப்பதாக எரர் கொடுத்து நின்றுவிடும். இதே கீயை லேம்டாவின் என்விரான்மென்ட் வேரியபிளாகவும் கொடுக்கலாம். அதாவது ஒரே ஜிப்பை மூன்று ஃபங்ஷன்களாக ஏற்றி, வேரியபிளை மட்டும் மாற்றலாம். சிறிய டீமுக்கு இது பெரிய வசதி. ஆனால் குவார்கஸில் பில்ட் நேரத்திலேயே உறைந்துவிடும் செட்டிங்குகள் நிறைய உண்டு. டேட்டாபேஸின் வகை அதில் ஒன்று. அவற்றை லேம்டா கன்சோலில் வேரியபிளாக மாற்றினால் எந்தப் பலனும் இருக்காது. கன்ஃபிக் பட்டியலில் பூட்டு அடையாளம் போட்ட கீ எல்லாம் இந்த ரகம்.

லோக்கலில் ஓட்டிப் பார்ப்பது

இந்த எக்ஸ்டென்ஷனில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். டெவ் மோடில் ஓட்டினால் லேம்டாவைப் போலவே நடிக்கும் ஒரு சிறிய ஈவென்ட் சர்வர் 8080 போர்ட்டில் எழும். கர்ல் வைத்து ஜேசானை போஸ்ட் செய்தால் ஹேண்ட்லர் ஓடிப் பதில் தரும். கோடை மாற்றி சேவ் செய்து மறுபடி அனுப்பினால் புதிய கோடு ஓடும். டாக்கர் வேண்டாம், ஏடபிள்யூஎஸ் அக்கவுண்ட்கூட வேண்டாம். டெஸ்ட்டும் இதே வழியில்தான் போகிறது. அதற்கு 8081 போர்ட். சாம் லோக்கல் வேண்டுமானால் ஜேவிஎம் யாமல் ஃபைலைக் காட்டி இன்வோக் செய்யலாம். அதற்கு டாக்கர் தேவை, ஒவ்வொரு முறையும் காத்திருக்கவும் வேண்டும்.

டெவ் மோடில் பிடிபடாதவை மூன்று: ரோலின் அனுமதி, மெமரி எல்லை, டைம்அவுட். லோக்கலில் பச்சையாக ஓடிய ஃபங்ஷன் மேலே போய் விழுந்தால் முதலில் இந்த மூன்றைப் பாருங்கள். நான்காவதாக ஜாவா வெர்ஷன். ஜாவா 21இல் கம்பைல் செய்து ஜாவா 17 ரன்டைமில் ஏற்றினால் கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 65 என்றும், இங்கே 61 வரைதான் தெரியும் என்றும் எரர் சொல்லும். மேவனின் பாம் ஃபைலில் ரிலீஸ் எண்ணையும் லேம்டா ரன்டைமையும் ஒன்றாக வைத்தால் தீர்ந்தது.

டீஃபால்ட் அளவுகள் போதாது

மேனேஜ் ஸ்கிரிப்ட் ஃபங்ஷனை 256 எம்பி மெமரி, 15 நொடி டைம்அவுட் என்று உருவாக்குகிறது. ஹலோ சொல்லும் ஃபங்ஷனுக்குச் சரி. லேம்டாவில் சிபியு தனியாக விற்பதில்லை. மெமரிக்கு ஏற்பத்தான் சிபியு. 1,769 எம்பிக்கு ஒரு முழு விசிபியு (மெய்நிகர் சிபியு). 256 எம்பி என்றால் அதில் ஏழில் ஒரு பங்கு. முதல் அழைப்பில் ஏடபிள்யூஎஸ் எஸ்டிகே கிளையன்ட் எழ வேண்டும், டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் நடக்க வேண்டும், ஜாக்சன் தன் வேலையைத் தொடங்க வேண்டும். ஏழில் ஒரு பங்கு சிபியுவில் இதெல்லாம் நகர்ந்து நகர்ந்துதான் போகும். பில் மெமரியையும் நேரத்தையும் பெருக்கி வருவது. மெமரியை இரட்டித்து நேரம் பாதியானால் செலவு அதேதான், காத்திருப்பு மட்டும் குறைகிறது. ஜேவிஎம் முறைக்கு 1,024 எம்பியில் தொடங்கி, லாகைப் பார்த்து ஏற்றி இறக்குவதே சரி.

எந்த லாக்? ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் லேம்டா ரிப்போர்ட் என்று தொடங்கும் ஒரு வரி எழுதும். அதில் ட்யூரேஷன், பில்டு ட்யூரேஷன், மெமரி சைஸ், மேக்ஸ் மெமரி யூஸ்டு என்று வரிசையாக இருக்கும். புது என்விரான்மென்ட்டை எழுப்ப நேர்ந்த கோல்ட் ஸ்டார்ட் அழைப்பில் மட்டும், எழ ஆன நேரமாகக் கடைசியில் இனிட் ட்யூரேஷன் சேரும். முன்பு ஜிப்பாக ஏற்றிய, ஏடபிள்யூஎஸ்ஸே தரும் மேனேஜ்டு ரன்டைம் ஃபங்ஷன்களுக்கு இந்த இனிட் நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அதற்கும் பில் உண்டு. ஸ்டார்ட்டில் தேவையில்லாமல் ஏற்றும் ஒவ்வொரு லைப்ரரியும் இப்போது காசு. குவார்கஸ் அனோடேஷன் தேடலையும் கன்ஃபிக் வாசிப்பையும் பில்ட் நேரத்துக்கே தள்ளிவிடுவதால் இந்த மாற்றத்துக்குப் பிறகு அதன் மதிப்பு கூடியிருக்கிறது.

மேனேஜ் ஸ்கிரிப்டின் அப்டேட் கட்டளை கோடை மட்டும்தான் மாற்றும். ஸ்கிரிப்டில் மெமரியை 1,024 என்று திருத்திவிட்டு அப்டேட் ஓட்டினால் புது ஜிப் போகும், மெமரி 256ஆகவே இருக்கும். என்விரான்மென்ட் வேரியபிளுக்கும் அதே கதி. கன்ஃபிகரேஷனை மாற்றத் தனி சிஎல்ஐ கமாண்ட் வேண்டும். தவிர அந்த ஸ்கிரிப்ட் டார்கெட் ஃபோல்டரில் இருப்பதால் கிளீன் ஓட்டினால் உங்கள் திருத்தமும் போய்விடும். இன்னொன்று, ஜிப்பை நேரடியாக ஏற்றும் எல்லை 50 எம்பி; அதைத் தாண்டினால் ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் சேமிப்பான எஸ்3 வழியாகத்தான் போக வேண்டும், ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. விரித்த பிறகு லேயர்களையும் சேர்த்து 250 எம்பி உச்சவரம்பு.

ஆகவே முதல் நாள் சோதனைக்கு மேனேஜ் ஸ்கிரிப்ட், இரண்டாம் நாளிலிருந்து சாம். டார்கெட்டில் வந்த யாமல் ஃபைலை ப்ராஜெக்ட்டின் வேர் ஃபோல்டருக்கு நகலெடுத்து கிட்டில் சேர்த்து, அதில் மெமரியையும் டைம்அவுட்டையும் எழுதி, சாம் டிப்ளாய் ஓட்டுங்கள். சாம் எஸ்3 வேலையையும் தானே பார்த்துக்கொள்ளும். நகலெடுத்த ஃபைலில் ஜிப்பின் பாதையை மட்டும் திருத்த மறக்க வேண்டாம்.

எச்டிடிபி வேண்டுமென்றால்

ரெஸ்ட் எண்ட்பாயின்ட்டுகளை அப்படியே லேம்டாவில் ஓட்டத் தனி எக்ஸ்டென்ஷன்கள் இரண்டு. லேம்டா-எச்டிடிபி என்பது, வெளியிலிருந்து வரும் அழைப்புகளை லேம்டாவுக்கு அனுப்பும் ஏபிஐ கேட்வேயின் எச்டிடிபி ஏபிஐக்கு. லேம்டா-ரெஸ்ட் என்பது பழைய ரெஸ்ட் ஏபிஐக்கு. இந்த இரண்டு ஏபிஐகளும் அனுப்பும் ஈவென்ட்டின் வடிவம் வேறு வேறு. மாற்றிச் சேர்த்தால் பாதை, மெத்தட் எதுவும் வாசிக்கக் கிடைக்காமல் உள்ளே எங்கோ விழும். பெயரில் குழப்பம் அதிகம். ரெஸ்ட் எண்ட்பாயின்ட் எழுதியதால் ரெஸ்ட் எக்ஸ்டென்ஷன் என்று எடுத்துவிடுகிறார்கள். உங்கள் கோடைப் பார்க்காதீர்கள், கேட்வேயின் வகையைப் பாருங்கள். லேம்டாவின் உச்ச டைம்அவுட் 900 நொடியாக இருந்தாலும் எச்டிடிபி ஏபிஐ 30 நொடியில் வெட்டிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஃபங்கி என்ற இன்னொரு வழியும் உண்டு. ஃபங்க் அனோடேஷன் போட்ட ஒரு மெத்தட்; அதே கோடு லேம்டா, அஷூர், கூகுள், கேநேட்டிவ் எதிலும் ஓடும். அந்தச் சமாளிப்புக்காக எச்டிடிபி ஹெட்டர் போன்ற வசதிகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கிளவுட் மாறும் திட்டம் உண்மையிலேயே இருந்தால் மட்டும் எடுங்கள்.

நேட்டிவா, ஸ்னாப்ஸ்டார்ட்டா

குவார்கஸ் என்றதும் எல்லோரும் நேட்டிவுக்கு ஓடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். லேம்டாவின் ஸ்னாப்ஸ்டார்ட் 2022 நவம்பரில் ஜாவாவுக்கு வந்தது. ஃபங்ஷனை ஒருமுறை எழுப்பி, அந்த நிலையின் மெமரியை அப்படியே படம்பிடித்து வைத்து, அடுத்தடுத்த கோல்ட் ஸ்டார்ட்டில் அதிலிருந்தே தொடரும். ஜாவா ரன்டைமுக்கு இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. குவார்கஸ் தன் பங்குக்கு, படம் எடுப்பதற்கு முன்பே கிளாஸ்களை லோட் செய்து வைக்கிறது. பெரும்பாலான ஃபங்ஷன்களுக்கு ஜேவிஎம் ஜிப்பும் ஸ்னாப்ஸ்டார்ட்டுமே போதும்.

இதில் முதல் சறுக்கல், ஸ்னாப்ஸ்டார்ட் பப்ளிஷ் செய்த வெர்ஷனில்தான் வேலை செய்யும் என்பது. பப்ளிஷ் செய்யாத லேட்டஸ்ட்டை அழைத்துப் பார்த்து எதுவும் மாறவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சாம் யாமலில் ஸ்னாப்ஸ்டார்ட்டை பப்ளிஷ்டு வெர்ஷன்ஸ் என்று கொடுத்து, ஆட்டோ பப்ளிஷ் ஏலியாஸையும் சேர்த்து, கேட்வேயை அந்த ஏலியாஸுக்குத் திருப்ப வேண்டும். சரியாக அமைந்தால் ரிப்போர்ட் வரியில் இனிட் ட்யூரேஷன் இருந்த இடத்தில் ரீஸ்டோர் ட்யூரேஷன் வரும். ஒரு வெர்ஷன் 14 நாள் அழைக்கப்படாவிட்டால் படம் நீக்கப்பட்டுவிடும். அடுத்த அழைப்பு தயாராக இல்லை என்ற எரரோடு திரும்பும், பின்னணியில் புதுப்படம் தயாராகும். மாதம் ஒருமுறை ஓடும் வேலைக்கு இதனால் ஸ்னாப்ஸ்டார்ட் வேண்டாம்.

இரண்டாவது சறுக்கல் ஆழமானது. படத்தில் இருப்பதெல்லாம் எல்லாப் பிரதிகளிலும் ஒரேபோல் இருக்கும். ஸ்டார்ட்டில் உருவாக்கி வைத்த யூயூஐடி, ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைத்த சாதாரண ரேண்டம், வாங்கி வைத்த தற்காலிக டோக்கன், திறந்து வைத்த டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எல்லாமே அப்படி. கனெக்‌ஷன் செத்துப்போனால் எரராவது வரும். ஒரே ரேண்டம் வரிசை பத்துப் பிரதிகளில் ஓடினால் எந்த எரரும் வராது. ஆர்டர் எண்கள் மட்டும் மோதும். செக்யூர் ரேண்டமுக்கு இந்தச் சிக்கல் இல்லை. டோக்கனையும் கனெக்‌ஷனையும் படமெடுத்து மீட்பதற்கான ஜாவா வசதியான கிராக்கின் ரிசோர்ஸ் இன்டர்ஃபேஸ் வழியாகப் படத்துக்கு முன் மூடி, மீண்ட பின் திறக்கலாம். அதைப் பதிவு செய்யும் கன்டெக்ஸ்ட் வீக் ரெஃபரன்ஸ்தான் வைத்துக்கொள்கிறது. எனவே உங்கள் ஆப்ஜெக்ட்டை அப்ளிகேஷன் ஸ்கோப்டு பீனாக்கி ஸ்டார்ட்டப் அனோடேஷன் போடுங்கள். இல்லையென்றால் கார்பேஜ் கலெக்டர் அள்ளிக்கொண்டு போய்விடும், ஹூக் ஓடவே ஓடாது.

நேட்டிவில் இதே ரேண்டம் தவறு பில்டிலேயே பிடிபடும். இமேஜ் ஹீப்பில் ரேண்டம் ஆப்ஜெக்ட் இருக்கிறது என்று, நேட்டிவ் பைனரியைக் கட்டும் கிரால்விஎம் நிறுத்திவிடும். அந்த எரரைக் கண்டு எரிச்சல்படாமல், ஸ்னாப்ஸ்டார்ட்டுக்கும் சேர்த்து அதைத் திருத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

நேட்டிவைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம் மெமரி. சாம் நேட்டிவ் யாமல் 128 எம்பியில் தொடங்குகிறது. அதில் ஓடவும் ஓடும். லினக்ஸ் அல்லாத மெஷினில் கன்டெய்னர் பில்ட் ஆப்ஷனைக் கொடுத்துத்தான் கட்ட வேண்டும். பில்டுக்குச் சில ஜிபி மெமரியும் சில நிமிடங்களும் போகும். விழுவதற்கான இடங்களும் தெளிவானவை. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் கட்டினால் ஏஆர்எம் பைனரி வரும். லேம்டாவின் டீஃபால்ட் எக்ஸ்86 என்பதால் எக்ஸெக் ஃபார்மட் எரர் கிடைக்கும். யாமலில் ஆர்க்கிடெக்சரை ஏஆர்எம்64 என்று எழுதினால் சரியாகும். அமேசான் லினக்ஸ் 2இல் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.26, அமேசான் லினக்ஸ் 2023இல் 2.34. புதிய பில்டர் இமேஜில் கட்டியதைப் பழைய ரன்டைமில் ஏற்றினால் ஜிலிப்சி வெர்ஷன் இல்லை என்று ஆரம்பத்திலேயே விழும். ரன்டைமை 2023க்கு மாற்றுங்கள். சிக்னல் ஹேண்ட்லர்களை முடக்கும் வேரியபிளை ஸ்கிரிப்டும் யாமலும் தாமாகவே வைக்கின்றன. டெராஃபார்ம் போன்ற கருவியில் கையால் எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். ரிஃப்ளெக்‌ஷன் வழியாக ஜேசானாக மாறும் உங்கள் கிளாஸ்களுக்கு ரெஜிஸ்டர் ஃபார் ரிஃப்ளெக்‌ஷன் போடாவிட்டால் காலி ஜேசானோ எரரோ வரும். நேட்டிவில் ஸ்னாப்ஸ்டார்ட் கிடையாது, இரண்டில் ஒன்றுதான்.

டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று

லேம்டாவின் ஒரு என்விரான்மென்ட் ஒரு நேரத்தில் ஒரு அழைப்பைத்தான் கவனிக்கும். அதனால் பத்து இருபது கனெக்‌ஷன் கொண்ட பூல் அங்கே வீண். ஜேடிபிசி மேக்ஸ்-சைஸை 1 அல்லது 2 என்று வையுங்கள், மின்-சைஸ் 0. அக்கவுண்டின் டீஃபால்ட் கன்கரன்சி, அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய அழைப்புகள், 1,000. கூட்டம் வந்தால் ஆளுக்கொரு கனெக்‌ஷன் என்றாலே சிறிய போஸ்ட்கிரஸ் மூச்சுத் திணறும். ஃபங்ஷனுக்கு ரிசர்வ்டு கன்கரன்சி வைத்து அடக்குங்கள், அல்லது கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து தரும் ஆர்டிஎஸ் ப்ராக்ஸியை நடுவில் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் இதைப் பற்றி ஒரு வார்த்தை எச்சரிப்பதில்லை. அது ஒரு குறைதான்.

மற்ற ஃபிரேம்வொர்க்குகளோடு ஒப்பிட்டால், ஸ்பிரிங் கிளவுட் ஃபங்ஷனிலும் ஹேண்ட்லராக அதன் ஃபங்ஷன் இன்வோக்கர் கிளாஸையே கொடுக்க வேண்டும், ஆனால் ஷேட் செய்யும் வேலை உங்களுடையது. ஏற்கெனவே ஸ்பிரிங்கில் ஊறிய டீம் ஒரு ஃபங்ஷனுக்காக குவார்கஸுக்கு மாறத் தேவையில்லை. ஸ்னாப்ஸ்டார்ட்டைப் போட்டாலே பெரும் வித்தியாசம் தெரியும். மைக்ரோநாட்டும் குவார்கஸ் போலவே வேலையை பில்டுக்குத் தள்ளும் ரகம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, டெவ் மோடின் அந்த ஈவென்ட் சர்வருக்காகவே குவார்கஸைச் சொல்லலாம்.

சோதனை முடிந்து டெலீட் ஓட்டும்போது, ஸ்கிரிப்ட் ஃபங்ஷனை மட்டும்தான் அழிக்கும். ரோலும் கிளவுட்வாட்ச் லாக் குரூப்பும் அங்கேயே கிடக்கும். அந்த லாக் குரூப்பின் டீஃபால்ட் ரிடென்ஷன் 'நெவர் எக்ஸ்பயர்'. ஃபங்ஷன் போன பின்னும் லாகுக்கு மாதாமாதம் பில் வரும். வைத்துக்கொள்ளும் ஃபங்ஷனுக்கு லாக் குரூப்பை யாமலிலேயே எழுதி 14 நாள் என்று கொடுங்கள். சோதனை ஃபங்ஷனென்றால் லாக் குரூப்பைக் கையோடு அழித்துவிடுங்கள்.